ஊசி பிடிக்கும் கை

1

வைத்தியத்தைப் பற்றிய நம் தார்மீக விசாரணைகள் எல்லாம் ஓர் எளிய அனுமானத்திலிருந்து தொடங்குகின்றன. வைத்தியனுக்கு எதிரே ஒரு நோயாளி இருக்கிறான். அவன் தன் வலியைச் சொல்கிறான். வைத்தியன் அவனுக்குக் கடமைப்பட்டவன். இந்த மூன்றில் ஒன்றுகூடக் கால்நடை மருத்துவமனையில் அப்படியே செல்லுபடியாவதில்லை. திமிரியின் கால்நடை மருத்துவமனைக்குக் காலையில் ஓட்டிவரப்படும் பசுவுக்கு வலி இருக்கிறது, சொல்ல வாயில்லை. கயிற்றைப் பிடித்து நிற்பவனுக்கு வாய் இருக்கிறது. அவனுக்கும் ஒரு வலி உண்டு, ஆனால் அது வேறு ஜாதி வலி. கறவை நின்றுபோகும், மாட்டின் பேரில் வாங்கிய கடன் நிற்காது. இந்த இரண்டு வலிகளும் ஒரே சமயத்தில் மருத்துவரின் மேஜை முன் வந்து நிற்கின்றன. இவற்றில் எது நோய், எவர் நோயாளி?

குழந்தை வைத்தியத்திலும், பிரக்ஞை இழந்தவர்களுக்கான வைத்தியத்திலும் இதே நிலைமை உண்டே என்று சொல்லலாம். உண்டு. ஆனால் அங்கே அது விதிவிலக்கு. இங்கே அதுதான் விதி. மேலும், குழந்தையைத் தூக்கிவந்த தகப்பன், 'இதற்கு ஆகும் செலவு இதன் விலையைவிட அதிகமாகுமா?' என்று கேட்க முடியாது. மனசில் ஓடினாலும் வாய்விட்டுக் கேட்க முடியாது. மாட்டைப் பிடித்துவந்தவன் கேட்கலாம். கேட்பதில் குரூரம் எதுவும் இல்லை. அவன் நிலைமையில் அது நியாயமான கேள்வி. மருத்துவரும் அதற்கு நியாயமான பதில் சொல்லியாக வேண்டும். இவ்விருவருக்கும் மேலாக மூன்றாவது ஆளாக அரசு நிற்கிறது. மருத்துவர் அரசு ஊழியர். சினை ஊசி எத்தனை, தடுப்பூசி எத்தனை என்று பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டியவர்.

மிருகங்கள் பற்றிய நம் அறவியல் சிந்தனையில் இரண்டு பாத்திரங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்திருக்கிறோம்: கொல்லாதவன், கொல்பவன். ஒருவனை உயர்த்தி வைத்தோம், மற்றவனை ஊருக்கு வெளியே வைத்தோம். இருவருக்கும் நடுவே தினமும் கையைத் தோள்வரை மாட்டின் உடம்புக்குள் விட்டு வேலை செய்கிற இந்த மூன்றாவது மனிதனைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. அவனைப் பற்றி யோசிப்பதால் மற்ற இருவரைப் பற்றிய நம் தீர்ப்புகளும் மாறக்கூடும் என்று எனக்குப் படுகிறது.

2

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. முன்பு வட ஆர்க்காடு, பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை என்று மாவட்டத்தின் பெயர் மாறினாலும் சுற்று வட்டாரத்தின் ஜீவனம் மாறவில்லை. ஒரு பக்கம் நெல், வேர்க்கடலை, பால். மறு பக்கம் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல். ஒரே மாட்டின் ஒரு முனை பால் சொசைட்டியில், மறுமுனை தோல் ஷாப்பில். நடுவில் ஒரு சிறு கட்டடம், ஒரு இரும்புச் சட்டம், குளிர்பெட்டியில் மருந்து. கால்நடை மருத்துவரின் இருப்பிடம் இதுதான், பூகோளத்திலும் அறத்திலும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 1932-இல் ராணிப்பேட்டையில் ஒரு சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதுதான். முதல் நோக்கம் வெக்கை நோய்க்கு எதிரான சீரம் தயாரிப்பது. வெக்கை என்றால் இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. ஒரு மாட்டுக்குக் கண்டால் மந்தையே கழிந்து சாகும். ஊர் எல்லையில் தெய்வங்களை நிறுத்தியும் நிற்காத நோய். 1761-இல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் க்ளோத் பூர்ஷ்லா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவ அனுமதி கிடைத்ததற்கு ஐரோப்பாவின் மாடுகளை வாரிக்கொண்டு போன இதே நோய் ஒரு முக்கிய காரணம். இந்தியாவில் காலனி அரசு 1871-இல் மாட்டு நோய்கள் பற்றிய கமிஷன் அறிக்கையை வெளியிட்டதும் இதனால்தான். அதாவது, கால்நடை வைத்தியம் ஒரு விஞ்ஞானமாகப் பிறந்தது கருணையிலிருந்து அல்ல, நஷ்டத்திலிருந்து. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் மிருகத்துக்கும் தனித்தனியே வைத்தியம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. சோழ பாண்டிய நாடுகளையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பரம்பரையை நாம் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். ஆனால் இன்று திமிரியில் ஊசி போடுகிறவர் அசோகனின் வாரிசு அல்ல. லியோன் பள்ளியின் வாரிசு.

சீரம் எப்படித் தயாராயிற்று என்பதுதான் நமக்கு முக்கியம். அந்தக் காலத்து முறை இது: நோயை எதிர்க்கும் சக்தி பெற்ற மாடுகளுக்கு வீரியமான நோய்க் குருதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கி, பிறகு அந்த ரத்தத்தை எடுப்பது. அதற்கான நோய்க் குருதிக்கு, நோயை வேண்டுமென்றே உண்டாக்கிய வேறு மாடுகள் வேண்டும். பிறகு முக்தேஸ்வரத்தில் எட்வர்ட்ஸ் நோய்க் கிருமியை ஆடுகளின் வழியாகத் தொடர்ந்து கடத்தி வீரியம் குறைத்தார். அது தடுப்பு மருந்தாயிற்று. மாட்டைக் காக்க மாடு, மாட்டைக் காக்க ஆடு. 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், அதுவும் இதே வட ஆர்க்காடு மண்ணில். 2006-இல் இந்தியா நோயற்ற நாடு என்று சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இது.

மாட்டினத்துக்கு மனிதன் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கோசாலைகளோ, உபதேசங்களோ இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இந்த நன்மை செய்யப்பட்டது லாப நஷ்டக் கணக்கால். மாடுகளைக் கட்டிவைத்து நோயேற்றி ரத்தம் எடுத்ததால். நோக்கத்தின் தூய்மையில்தான் அறம் இருக்கிறது என்பவருக்கு இது சங்கடமான உண்மை. விளைவில்தான் அறம் இருக்கிறது என்பவருக்கு இது சந்தோஷமான உண்மை. ஆனால் விளைவுக்காரர் சந்தோஷப்பட்டு எழுந்து போவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். சீரம் கொட்டகையில் கட்டப்பட்டிருந்த மாட்டுக்கு, பின்னால் பிழைக்கப்போகும் கோடி மாடுகள் என்ன உறவு? இனம் என்பது நம் தலையில் இருக்கிறது. கொட்டகையில் இருந்தது ஒரு மாடு. கோடி உயிர் பிழைத்ததால் அந்த ஒரு உயிரின் பேரில் ஏற்பட்ட கடன் தீர்ந்துவிடாது. கடன் வாங்கியது சரி என்று மட்டுமே ஆகும். சரியான காரியத்துக்கும் கடன் பாக்கி உண்டு என்பதை நம் தர்க்கம் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது.

3

கடன் என்ற சொல்லை விட்டுவிட்டு உபயோகம் என்ற சொல்லுக்கு வருவோம். சட்டம் பேசுவது அதைத்தான்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், ஒரு மாட்டை அறுப்பதற்கு முன் சான்று வேண்டும் என்கிறது. பத்து வயசுக்கு மேலானது, வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கற்றது என்று. அல்லது காயத்தாலோ, ஊனத்தாலோ, தீராத நோயாலோ நிரந்தரமாக லாயக்கற்றுப் போனது என்று. 1976-இல் பசுவையும் கிடாரியையும் அறுப்பதை ஓர் அரசாணை தடுத்தது. சான்றின் அடியில் கையெழுத்து யாருடையதாயினும், அதன் பின்னால் இருப்பது கால்நடை மருத்துவரின் கண். அவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். பல் என்ன சொல்லும்? இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று நாலைந்து வயசு வரைக்கும் சொல்லும். அதற்குப் பிறகு தேய்மானத்தையும் கொம்பு வளையத்தையும் வைத்து அனுமானம்தான். எட்டா, பத்தா என்று எந்தப் பல்லும் சத்தியம் செய்வதில்லை. சான்றிதழ் சத்தியம் செய்கிறது. பல்லுக்கும் சான்றிதழுக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியை நிரப்புவது ஒரு மனிதனின் தீர்மானம். அதை விஞ்ஞானம் என்று பெயரிட்டுவிட்டால் அவன் பொறுப்பு மறைந்துபோகிறது. சட்டமும் அதையே விரும்புகிறது என்று தோன்றுகிறது.

2001-ஆம் வருஷத்து இறைச்சிக்கூட விதிகள் இன்னும் துல்லியமானவை. ஒரு மருத்துவர் மணிக்கு 12 மிருகங்களுக்கு மேல், நாளைக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. ஒரு உயிருக்கு ஐந்து நிமிஷம். இது கேலிக்குரிய விதி அல்ல. விதி இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிஷமும் கிடைக்காது. எனினும் தன் கடைசிப் பரிசோதனையில் ஒரு ஜீவனுக்குக் கிடைக்கிற கவனத்தின் அளவு எண்ணில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம்.

1958-இல் முகமது ஹனீப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், பசு வதையைத் தடுப்பது செல்லும், ஆனால் உபயோகம் தீர்ந்த எருதுகளையும் அறுக்கக் கூடாது என்பது செல்லாது என்றது. 2005-இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையால் அதை மாற்றியது. கிழ எருதும் சாணமும் மூத்திரமும் தருகிறது, எனவே எந்த மாட்டுக்கும் உபயோகம் தீர்வதில்லை என்பது வாதத்தின் மையம். இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிரானவை என்று நினைக்கிறோம். அடிப்படையில் ஒன்றே. ஒன்று, உபயோகம் தீர்ந்தது, ஆகவே சாகலாம் என்கிறது. மற்றது, உபயோகம் தீரவில்லை, ஆகவே வாழலாம் என்கிறது. உபயோகம் தீர்ந்தாலும் வாழலாம் என்று சொல்லும் வாக்கியம் வழக்கின் மொழியில் இடம் பெறவே இல்லை. மாட்டைக் காப்பாற்றியது மாடு அல்ல, சாணம்.

மருத்துவர் இந்த மொழிக்குள்தான் வேலை செய்கிறார். அவருடைய படிவங்களில் வேறு மொழி இல்லை.

4

ஆற்காட்டுக்கும் திமிரிக்கும் நடுவே விளாப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பஞ்சபாண்டவமலை என்று ஒரு குன்று உண்டு. பெயர் பாண்டவருடையது, குடைந்து தங்கியவர்கள் சமணர்கள். பல்லவர் காலத்துக் கல்வெட்டும், ராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. எறும்புக்கும் வழிவிட்டு நடந்தவர்கள் இருந்த மலையிலிருந்து தோல் ஷாப்புகளின் ஊர் வெகு தூரமில்லை. இதில் முரண் கண்டு ரசிப்பது சுலபம். ஆனால் கொல்லாமை என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி மலையில் அல்ல, மாட்டுக் கொட்டகையில்தான் சோதிக்கப்படுகிறது.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் அப்படிச் சோதிக்கப்பட்டது. காயமுற்று, பிழைக்க வழியின்றி வேதனைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கன்றை ஊசி போட்டுச் சாகவிடும்படி காந்தி முடிவு செய்தார். அவரும் உடனிருந்தார். அகமதாபாத் வைஷ்ணவர்களும் சமணர்களும் கொதித்தார்கள். காந்தி தன் பத்திரிகைகளில் விரிவாகப் பதில் எழுதினார். தன் நலனுக்காகவோ கோபத்தாலோ கொல்வது ஹிம்சை. தீராத வேதனையிலிருந்து விடுவிக்க, சுயநலமின்றி உயிரை முடிப்பது அஹிம்சையாகவும் இருக்கலாம் என்பது அவர் நிலை. எதிர்த்தவர்களின் நிலை: உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்கவும் உரிமை இல்லை, வேதனை கர்மம், அதில் தலையிடாதே.

இந்த விவாதம் இந்த நாட்டில் நடந்த அசலான தார்மீக விவாதங்களில் ஒன்று. ஆனால் அதில் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார். கன்றின் உடம்பில் ஊசியை இறக்கியது ஒரு மருத்துவரின் கை. முடிவு காந்தியுடையது, பழி காந்தியுடையது, புகழும் காந்தியுடையது. அந்தக் கைக்கு என்ன தோன்றிற்று என்று அன்று விவாதித்த எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இரு தரப்பும் தம் ஆத்மாவின் சுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. ஒரு தரப்பு கொல்லாததால் சுத்தம். மறு தரப்பு சுயநலம் இல்லாததால் சுத்தம்.

கால்நடை மருத்துவருக்கு இந்தச் சுத்தம் கட்டுப்படியாகாது. கன்று ஈன்ற மறுநாள் கறவைக் காய்ச்சலில் கழுத்தைத் திருப்பிப் போட்டுப் படுத்துவிட்ட பசுவுக்கு ரத்தக் குழாயில் சுண்ணாம்புச் சத்து மருந்தை மெதுவாக ஏற்றினால், பல சமயம் பாட்டில் தீருகிறபோது எழுந்து நிற்கும். ஊருக்கு அது அதிசயம். அதே மாதிரிப் படுத்திருக்கிற இன்னொரு பசுவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கும். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் எழாது. 'எதனா பண்ணுங்க சார்' என்கிறான் மாட்டுக்காரன். அந்த 'எதனா'வுக்குள் எத்தனை அர்த்தம்! காப்பாற்று என்பது ஒன்று. காப்பாற்ற முடியாதென்றால் நான் சொல்லாமலே நீயே முடித்துவிடு என்பது ஒன்று. முடித்தாயென்றால் நான் சொன்னதாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. பாவத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் சொல் அது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் மிருகத்தை முடித்துவிட வழி வைத்திருக்கிறது. மனித வைத்தியத்தில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்ததோ சிகிச்சையை விலக்கிக்கொள்வதை மட்டுமே, ஊசியை அல்ல. மனிதனுக்கு மறுக்கப்படும் இரக்கம் மாட்டுக்குக் கிடைக்கிறது என்று இதைப் படிக்கலாம். மனிதனுக்குக் கிடைக்கும் மரியாதை மாட்டுக்கு மறுக்கப்படுகிறது என்றும் படிக்கலாம். சட்டம் எதுவும் சொல்வதில்லை. 'ரெண்டு நாள் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வலி குறைய ஒரு ஊசி போட்டுவிட்டு வருகிறவர், இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ மிதித்துக்கொண்டு போகிறார்.

5

அந்த வலி குறைக்கும் ஊசிக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1990-களில் இந்தியாவின் பாறுக் கழுகுகள் திடீரெனக் குறையத் தொடங்கின. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல் தெரிந்தது: டைக்ளோஃபினாக். மாட்டின் வலிக்குப் போடும் மலிவான மருந்து. அதைப் போட்டும் செத்துப்போன மாட்டைத் தின்ற கழுகு, சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006-இல் இந்தியா மாடுகளுக்கு அதைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லி ஆக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடுத்தார்கள். கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கிடைக்கத்தான் செய்கிறது.

இதில் வில்லன் யாருமில்லை. வேதனைப்பட்ட மாட்டைக் கண்டு இரங்கிய கை போட்ட ஊசி அது. நோக்கம் சுத்தம், முறை சுத்தம், அன்றைக்கு இருந்த அறிவின்படி விஞ்ஞானமும் சுத்தம். காந்தியின் அளவுகோலில் இது குற்றமற்றது. ஆனால் இவ்வளவு குற்றமின்மையும் சேர்ந்து ஒரு இனத்தை வானத்திலிருந்து இறக்கிவிட்டது. இரக்கம் கொட்டகையின் கூரை வரைக்கும்தான் பார்க்கிறது. அதற்கு மேலே பறப்பதைப் பார்க்க இரக்கம் போதாது, அறிவு வேண்டும். தெரியாமல் செய்ததைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகு, மலிவு என்பதற்காக மனிதருக்கான குப்பியை உடைத்து மாட்டுக்குப் போடுவது வேறு விஷயம். 2006-க்கு முன் போட்ட ஊசியும் பின் போட்ட ஊசியும் ஒரே ஊசி அல்ல. அறிவு வளரும்போது, கை அசையாமலே அதன் குற்றம் மாறுகிறது. கொல்லாமை, அன்பு என்ற நிரந்தர மதிப்பீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை அளக்க முடியாது.

6

கடைசியாக, பிரேதத்தைப் பற்றி.

மாடு திடீரென்று விழுந்து, மூக்கில் உறையாத ரத்தம் வடிந்து செத்துக் கிடந்தால், மருத்துவரின் விதி தெளிவானது: அறுக்காதே, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. அடைப்பானாக இருக்கலாம். கத்தி பட்டால் கிருமி வித்தாகி மண்ணில் பல வருஷம் கிடக்கும். வேலூர் வட்டாரத்தில் மனிதருக்கு அடைப்பான் கண்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. விதி சரிதான். ஆனால் தோல் வட்டாரத்தில் அந்தத் தோல் ஒருவனுடைய கூலி. புதை என்ற சொல்லின் செலவு, மாடு செத்தவன் மேல் மட்டும் விழுவதில்லை. செத்த மாட்டை உரிக்கவென்றே பிறப்பால் ஒதுக்கப்பட்டவன் மேலும் விழுகிறது. அவனுக்கு நஷ்ட ஈடு எந்தப் படிவத்திலும் இல்லை.

இன்னும் ஒன்று. மற்றச் சாவுகளில் மருத்துவர் கத்தியை எடுத்துப் பிரேதத்தைக் கீறி, கல்லீரலைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அது விஞ்ஞானம், அதற்குப் பட்டம் உண்டு, சம்பளம் உண்டு, கை கழுவிவிட்டு வந்தால் எல்லா வீட்டிலும் நாற்காலி உண்டு. அதே பிரேதத்தை அதே மாதிரிக் கத்தியால் கீறுகிற இன்னொருவனுக்கு அது தீட்டு. அவன் கையை எந்தச் சோப்பும் கழுவாது. இரண்டு கைகளும் தொட்டது ஒரே ரத்தம். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர் தன் வேலையின் மூலமே, தான் அறியாமலே, தினமும் இந்த நிரூபணத்தைச் செய்துகொண்டிருக்கிறார். அதைப் பார்ப்பதற்குத்தான் ஊருக்குக் கண் இல்லை.

கை சுத்தம் என்று தமிழில் சொன்னால் நேர்மை என்று பொருள். அந்த அர்த்தத்தில் அது நல்ல சொல். ஆனால் நம் அற மரபு அதை வேறொரு அர்த்தத்தில் வாழ்ந்திருக்கிறது: அழுக்கை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால் என் கை சுத்தம். மாட்டைக் கொல்லாதவன் விற்கிறான், வாங்கியவன் ஓட்டுகிறான், ஓட்டியவன் இன்னொருவனிடம் கொடுக்கிறான், அறுப்பவன் ஊருக்கு வெளியே இருக்கிறான், செருப்பு மட்டும் ஊருக்குள் திரும்பி வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவர் கையும் சுத்தமாக இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது, ஒருவனைத் தவிர.

கால்நடை மருத்துவரின் அறம் இந்தச் சுத்தத்தை அடைய முயல்வதாக இருக்க முடியாது. பல்லைப் பார்த்து எழுதும்போது பல் சொன்னதை மட்டும் எழுதுவது. படுத்த பசு எழாது என்றால் எழாது என்று மாட்டுக்காரனிடம் வாய்விட்டுச் சொல்லி, முடிவின் பாரத்தை அவனோடு சேர்ந்து சுமப்பது. எந்த ஊசி யாருக்காகப் போடப்படுகிறது, மாட்டுக்கா, மனிதனுக்கா, பதிவேட்டுக்கா என்று ஒவ்வொரு முறையும் தனக்குள் பெயரிட்டுக்கொள்வது. இவை போதும் என்று சொல்ல மாட்டேன். இவையும் இல்லாதபோது கொல்லாமையைப் பற்றி நாம் பேசுகிற பேச்சு, அழுக்கான கைகளின் உழைப்பில் வாழும் சுத்தமான கைகளின் பேச்சாகவே இருக்கும்.